நூறும் சில்லறையும்

ஹெஸ்லிங்டனுக்கு நூறு வயது என்று
ஜனவரி முதல் தேதியே சொல்லிவிட்டார்கள்.
டவுன் ஹால் வாசலில் பேண்டு,
மேயர் கழுத்தில் சங்கிலி,
கேக்கின் மேல் எங்கள் ரயில் பாலம்;
சர்க்கரைப் பாலம், பத்தே நிமிடத்தில் இடிந்தது.
மாதம் ஒரு விழா, ஆண்டு முழுக்க.
மெயின் ரோட்டில் நூறு கன்று.
அதற்குத் தண்ணீர் லாரி, என் பெயரில்:
கோகிலம் படையாச்சி, ஓட்டுநர், பொதுப்பணி.

லாரி வயிற்றில் தங்க நிறத்தில் 100 எழுதினார்கள்.
காயுமுன் நான் தொட்டுவிட்டேன்.
கடைசிச் சுழி கொஞ்சம் வழிந்திருக்கும்.

கல்யாண முருங்கை என்பேன் நான்.
கூட வரும் ம்பொங்கெனிக்கு அது உம்சின்சி.
கமிட்டித் தாளில் லத்தீனில் ஏதோ.
எந்தப் பெயரில் தொட்டாலும் அதே முள்.

மார்ச்சில் அணிவகுப்பு.
கரும்புத் தோட்டத்துக் கூலிகளாய்ப் பள்ளிப் பிள்ளைகள்,
கஞ்சி போட்டுத் தேய்த்த கோணிச் சட்டையில்.
ஏப்ரலில் நூறு ரொட்டியைக் குடைந்து
பீன்ஸ் குழம்பு ஊற்றி வரிசையாய் வைத்தார்கள்.
போட்டோ எடுப்பதற்குள் பாதி காலி.
நான் அன்றும் தண்ணீர் ஊற்றினேன்.
பதினேழாவதை ஆடு மேய்ந்தது.
முப்பத்தெட்டில் டாக்சி ஏறியது.
ஐம்பத்திரண்டைக் காணவே காணோம்,
பல் விழுந்த ஈறு போலக் குழி மட்டும்.

ஜூனில் பம்பு எரிந்தது.
குழாயைத் திறந்தால் பெருமூச்சு.
பதினொரு நாள்.
கமிட்டியிலிருந்து போன்:
கன்றுகளை விட்டுவிடாதே, ஜூலையில் மந்திரி வருகிறார்.
லாரி திரும்பிய முதல் முனையிலேயே
வாளி, டிரம், பிள்ளை குளிக்கும் தொட்டி, ஐஸ்கிரீம் டப்பா.
தங்க நூறைப் பார்த்து ஒருத்தி கத்தினாள்:
“பிறந்தநாள்காரி, தண்ணி விடு!”
ம்பொங்கெனி என்னைப் பார்த்தான்.
நான் வால்வைத் திறந்தேன்.

ஏட்டில் எழுதினேன்:
கன்று 1 முதல் 100 வரை, நீர் ஊற்றப்பட்டது.
பதினொரு நாளும் அதே கையெழுத்து, அதே பொய்.

ஜூலையில் இலையெல்லாம் கொட்டிப்போயிற்று.
குளிரில் கொட்டுகிற மரம்தான்.
ஆனால் செத்ததும் தூங்குவதும் ஒரே மாதிரி நின்றால்
கையெழுத்துப் போட்டவளுக்குத் தூக்கம் ஏது?
ராத்திரி டார்ச்சோடு போய் நகத்தால் கீறினேன்.
பச்சை.
அடுத்ததும்.
நாற்பத்துநாலின் அடியில் ஈரம்.
மழையில்லை, லாரியில்லை,
சோப்பு வாசனை, ஒரு பருக்கை சோறு.

எதிர்வீட்டு ஃபூரி அம்மாள்
பாத்திரம் கழுவிய நீரை ஊற்றியிருக்கிறார்.
விசாரித்தால்,
“உன் மரமா இருக்கலாம், என் வாசல்” என்று
கதவைச் சாத்தினார்.
அறுபதில் சலூன் தண்ணீர், முடியோடு.
பள்ளிவாசல் பக்கம் ஒளு செய்த நீர்.
எல்லோரும் ஊற்றிவிடவில்லை.
பேங்க் வாசலில் ஆறும் பட்டுப்போயின.

ஐம்பத்திரண்டு ஆகஸ்டில் அகப்பட்டது.
மேட்டுத் தகரக் குடிசைகளுக்கு லாரி ஏறியபோது
ஒரு வேலியில் நின்றது, என் உயரம்.
அதில் ஒடித்து நட்டது பக்கத்து வேலியில்,
அதில் ஒடித்தது அதற்கடுத்ததில்.
ம்பொங்கெனி ஜூலுவில் எண்ணினான், நான் தமிழில்.
கணக்கு ஒத்துப்போகவில்லை.
திருட்டு என்று எழுத ஏட்டில் இடமிருந்தது.
இறங்கி ஒரு வாளி ஊற்றினேன்.

டிசம்பர். கடைசி அறிக்கை.
‘உயிரோடுள்ள கன்றுகள்’ எதிரே
மூன்று இலக்கத்துக்குக் கட்டம்.
“நூறுன்னே போடும்மா, பார்க்க நல்லாயிருக்கும்”
என்றார் செயலர் தயாளன் செட்டி.
தெருவில் எழுபத்தெட்டு.
வேலிகளில் முப்பத்தொன்று என்பேன் நான்,
முப்பத்துநாலு என்பான் அவன்.
போன வாரம் ஒடித்ததை இருவருமே சேர்க்கவில்லை.
கட்டத்தைத் தாண்டி எழுதினேன்:
நூறும் சில்லறையும்.

விழா முடிந்த மறுநாள் லாரியைக் கழுவினேன்.
அந்த வழிந்த சுழிதான் முதலில் உரிந்தது.
மேட்டில் மறுபடி குழாய் பெருமூச்சு விடுகிறதாம்.
10 என்று எழுதிய வண்டியை ஓட்டிக்கொண்டு ஏறினேன்.
“பத்து வயசுதானா?” என்றான் ஒரு பயல்,
வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு.